தம்பியின் பெயரில் ஒரு சட்டை

முதலில் அந்த ஃப்ளெக்ஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. மேலகரம் பஸ் நிறுத்தத்தில் ஆளுயரத்துக்கு மேல் கட்டியிருந்த அந்தப் பேனரில் என் அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக் கைகூப்பி நின்றான். மூலையில் ஒரு சின்ன வட்டத்துக்குள் என் தம்பி, ஆதார் கார்டு போட்டோ மாதிரி. ராணுவத்தில் இருக்கும்போது வடக்கே பனிச்சரிவில் செத்துப்போனவன் தம்பி. ஊரைப் பார்த்துக் கும்பிடுகிறவன் அண்ணன். "தேசிய ராணுவ வரலாற்று அருங்காட்சியகத்தில் இடம்பெறும் எங்கள் வீரத் திருமகன்" என்று மேலே எழுதி, கீழே அண்ணன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு, அதற்கும் கீழே அவனுடைய பெயிண்ட் கடை விலாசத்தையும் போட்டிருந்தது. அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் வார்டு மெம்பருக்கு நிற்கப்போகிறான் என்று ஊருக்கே தெரியும். செத்த தம்பியை வைத்து ஓட்டுக் கேட்கிறானே என்று அந்தப் பேனர் போட்டோ வாட்ஸ்அப்பில் வந்த அன்றே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அது ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது பிற்பாடு.

அருங்காட்சியகம் என்றால் நாங்கள் டெல்லிக்கெல்லாம் போகவில்லை. அவர்களே கன்டெய்னர் லாரிகளில் பொருட்களை ஏற்றிக்கொண்டு மாவட்டம் மாவட்டமாக வருகிறார்கள். குற்றாலத்தில் சீசன் நேரம், கூட்டத்துக்குப் பஞ்சமிருக்காது என்று மேலகரத்துக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் ஒரு காலி மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். போகிற மாவட்டத்தில் எல்லாம் அந்த ஊர் வீரர்களின் பொருள் ஒன்றிரண்டை வீட்டாரிடம் கேட்டு வாங்கி வைப்பது அவர்கள் வழக்கமாம். கண்காட்சி முடிந்ததும் அந்தப் பொருட்கள் தலைநகரத்து மியூசியத்துக்கே போய்விடும், எப்போதைக்குமாக. எங்களிடமும் கேட்டார்கள். தம்பியின் ராணுவச் சட்டை ஒன்றைத் தருகிறேன் என்று அண்ணன் சொன்னான், கொடுத்தும்விட்டான்.

அம்மா அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாள். சட்டை விஷயம் தெரிந்ததிலிருந்து தெருவில் போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொல்லியிருக்கிறாள். "என் சின்னவன் டெல்லிக்குப் போகுதான்" என்று. போகுதான் என்றுதான் சொன்னாள், அவன் சட்டை போகிறது என்று சொல்லவில்லை. போனில் அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் தம்பியைப் பற்றி அம்மா சந்தோஷமாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆலங்குளத்திலிருந்து எங்கள் லோடு வண்டியில் கிளம்பினோம். நான், என் வீட்டுக்காரர், நடுவில் நெருக்கிக்கொண்டு மகள். பாவூர்சத்திரம் வந்ததும் டீக்கடை பக்கம் வண்டியை ஓரங்கட்டினார். மகள் வண்டியை விட்டு இறங்காமல் போனை நோண்டிக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே நின்றார், குடிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், இவர் டீயை ஆறவிட்டால் ஏதோ விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

"ஒண்ணு சொல்லுதேன். கத்தக்கூடாது" என்றார்.

"கத்துற விஷயம்னா கத்தத்தான் செய்வேன். சொல்லுங்க."

"அங்கன பெட்டிக்குள்ள இருக்கது உன் தம்பி சட்டை இல்ல."

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். காது சூடானது. அவர் சொல்லச் சொல்ல நான் கேட்டேன். எங்கள் பக்கத்தில் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் செத்தவரின் துணிமணிகளை மூட்டையாகக் கட்டி ஆற்றில் விட்டுவிடுவார்கள். ஆம்பளைகள் மட்டும் போவார்கள். மூட்டையை விட்டவர் திரும்பிப் பார்க்காமல் கரையேறி வந்துவிட வேண்டும். திரும்பிப் பார்த்தால் போனவர் பின்னாலேயே வந்துவிடுவாராம். தம்பிக்குப் பதினாறு கழிந்த அன்று, ராணுவத்திலிருந்து வந்திருந்த அவன் டிரங்குப் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் மூட்டை கட்டும்போது அம்மா அண்ணனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "ஒரு யூனிபார்ம் சட்டைய மட்டும் எடுத்து வையிலே. அது இருக்கட்டும்." அண்ணன் "சரிம்மா" என்றான். நானும் அதே இடத்தில்தான் இருந்தேன், என் காதால் கேட்டேன்.

எடுத்து வைக்கவில்லை. மறந்துவிட்டான். அழுதுகொண்டு கட்டினானாம், எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிவிட்டானாம். சித்தாற்றில் மூட்டையை விட்டுவிட்டுக் கரையேறிப் பாதி வழி வந்த பிறகு ஞாபகம் வந்திருக்கிறது.

"மூட்டை எங்கயும் போவல. பாறையில தட்டி நின்னுக்கிட்டுதான் இருந்துச்சு. நான் பாத்தேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

"நீங்க திரும்பிப் பாத்தீங்களா?"

"நான் மூட்டைய விட்டவன் இல்லல்லா. நான் பாக்கலாம்."

"அப்பம் நீங்க போய் எடுத்துட்டு வந்திருக்கலாம்ல?"

"ஆத்துல விட்டதை எடுக்கலாமா? மச்சானும் திரும்பக் கூடாது மாப்ள, திரும்பக் கூடாது மாப்ளன்னு சொல்லிக்கிட்டே விறுவிறுன்னு நடந்துட்டாரு."

ரெண்டு தடிமாடுகள். நனைந்த துணி மூட்டையைப் பார்த்துப் பயந்து ஓடி வந்திருக்கிறார்கள். வந்ததும் அம்மா கேட்டிருக்கிறாள், "சட்டைய வச்சிட்டியாலே?" அண்ணன் "பீரோவுல வச்சிட்டேம்மா" என்றிருக்கிறான். எடுத்துக் காட்டு என்று அம்மா ஒரு நாளும் கேட்டதில்லை. பார்க்கத் தைரியமில்லாமல் இருந்தாள். அந்தத் தைரியமின்மைதான் அண்ணனைக் காப்பாற்றி வந்திருக்கிறது.

பிறகு மியூசியத்திலிருந்து கேட்டார்கள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் கேட்ட கையோடு ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுத்துவிட்டான். அதனால் பாளையங்கோட்டையில் போலீஸ்காரர்களுக்கும் என்.சி.சி. பிள்ளைகளுக்கும் உடுப்புத் தைக்கிற கடை ஒன்றுக்கு என் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான்.

"டெய்லர் அளவு கேட்டாரு" என்றார் இவர், குரலை இறக்கி. "மச்சானுக்கு உன் தம்பி அளவு எப்படித் தெரியும்? தான் போட்டிருந்த சட்டையக் கழட்டி இந்த அளவுக்கே தையுங்கன்னு குடுத்துட்டு, பனியனோட உக்காந்திருந்தாரு."

நான் கத்தினேன். பாவூர்சத்திரம் டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். தம்பி எங்க வீட்டு நிலைவாசலில் குனிந்துதான் நுழைவான். அண்ணன் அவன் தோளுக்குக்கூட வரமாட்டான். ராணுவத்துக்கு எடுக்கும்போது நெஞ்சளவைப் பார்த்துவிட்டு அந்த அதிகாரியே முதுகில் தட்டிக் கொடுத்தார் என்று தம்பி வந்து பெருமையடித்தான். அந்த உடம்புக்கு இந்தக் கோழிக்குஞ்சின் அளவா? தைத்த சட்டை புதுசாகத் தெரியக்கூடாது என்று சோடா போட்டு இரண்டு மூன்று தடவை வெளுக்க வேறு வைத்தானாம். அந்த அக்கறையில் கால்வாசியை அன்றைக்கு ஆற்றங்கரையில் காட்டியிருக்கலாம்.

"ஏன் இத்தனை நாளா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ கத்துவன்னுதான். இப்பமும் எதுக்குச் சொல்லுதேன்னா, அங்கன வச்சு நீயாக் கண்டுபிடிச்சுக் கத்திரக்கூடாதுல்லா. அத்தைக்கும் கண்ணு சரியாத் தெரியாது. ஒண்ணும் ஆவாது, சும்மா இரி."

"அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் பண்ணி ஒரு மாசம்தான் ஆகுது. இப்பம் அவ ஊசியில நூல் கோக்கா" என்றேன்.

அவர் அதை நினைக்கவே இல்லை. ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

தென்காசி தாண்டி மேலகரம் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். பேசினால் வண்டியை விட்டு இறங்கி நடந்துவிடுவேன் என்று இருந்தது. சாரல் போட்டுக்கொண்டிருந்தது. கண்ணாடியைத் துடைக்கிற வைப்பர் கறக் கறக் என்று சத்தம் போட்டது, அதன் மேலும் எனக்கு எரிச்சல்.

வீட்டுக்குள் நுழைந்தால் அம்மா எனக்கு முன்னால் ரெடியாக உட்கார்ந்திருக்கிறாள். தம்பி தன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த மாம்பழ மஞ்சள் சேலையைக் கட்டியிருந்தாள். அவன் செத்த பிறகு அதை அவள் எடுத்ததே இல்லை. மடியில் ஒரு பிச்சிப்பூச் சரம், வாழை இலையில் பொதிந்து. என்னைப் பார்த்ததும், "ஏட்டி, ஏன் மூஞ்சிய இப்படித் தூக்கி வச்சிருக்க? இன்னைக்குப் போய்" என்றாள். நான் தலை வலிக்கிறது என்றேன்.

அண்ணன் என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டான். அடுக்களைக்குள் பின்னாலேயே வந்தான். கதர்ச் சட்டை, சட்டைப் பையில் தம்பி படம் போட்ட பேட்ஜ் வேறு.

"மாப்ள சொல்லிட்டாரா?"

"கொஞ்சமாவது வெக்கம் இருக்காண்ணே உனக்கு?"

"மெதுவாப் பேசு. இன்னைக்கு ஒரு நாள் பல்லைக் கடிச்சிக்கிட்டு இரி. அம்மா எம்புட்டு சந்தோசமா இருக்கான்னு பாத்தேல்லா? நீ சொன்னா அது போயிரும். சொல்லு, போய்ச் சொல்லு. சேலையெல்லாம் கட்டி உக்காந்திருக்கா, போ."

இதுதான் அண்ணனின் சாமர்த்தியம். தப்பு அவன் செய்வான், அதைச் சுமக்கிற வேலையை நம் தலையில் ஏற்றிவிட்டு நம்மையே பார்த்துக் கைகாட்டுவான். சின்ன வயசிலிருந்தே இப்படித்தான். அடுக்களை மேடையில் இருந்த டம்ளரை எடுத்து அவன் மேல் எறியலாமா என்று நிஜமாகவே நினைத்தேன். ஆனால் முற்றத்தில் அம்மா என் மகளிடம், "உங்க மாமா இருந்தா உனக்கு அந்தத் துப்பாக்கியெல்லாம் என்னன்னு சொல்லித் தந்திருப்பான்" என்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. நான் வாயை மூடிக்கொண்டேன். அம்மா அந்தச் சட்டையைத் தம்பி சட்டை என்றே நினைத்துப் பார்த்துவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்கட்டும். பொய்யாகவே இருந்தாலும் அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. அண்ணனை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

மெயின் அருவியில் தண்ணீர் அதிகம் என்று அன்றைக்குக் குளிக்கத் தடை. அதனால் வந்த கூட்டம் எல்லாம் எங்கே போவது என்று தெரியாமல் கண்காட்சிக்குள் புகுந்திருந்தது. தலை நிறைய எண்ணெய், இடுப்பில் துண்டு, கையில் சிப்ஸ் பாக்கெட். வாசலில் நிறுத்தி வைத்திருந்த பழைய பீரங்கி மேல் ஏறி உட்கார்ந்து ஒருத்தன் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான், அவன் ஜட்டியிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. என் மகளும் போனை எடுத்துக்கொண்டு ஓடினாள். "அங்கன நின்னு இளிச்சியோ, தோலை உரிச்சிருவேன்" என்றேன். அவள் என்ன செய்வாள், பாவம். எனக்கு யாரையாவது திட்ட வேண்டியிருந்தது.

வாசலில் அம்மாவின் பூவை வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே பூ, தின்பண்டம் எதுவும் கூடாதாம். அம்மா மறுப்பேதும் சொல்லாமல் கொடுத்தாள். "திரும்பி வரும்போது வாங்கிக்கிடலாம்" என்று எனக்குச் சமாதானம் சொன்னாள்.

உள்ளே நிறைய இருந்தது, நான் எதையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. வாள், ஈட்டி, துருப்பிடித்த குண்டு, பெரிய பெரிய வரைபடம். படத்தில் சிவப்பு அம்புக்குறி இப்படிப் போகிறது, பச்சை அம்புக்குறி அப்படி வருகிறது. ஒரு ஸ்பீக்கரில் துப்பாக்கிச் சத்தம் திரும்பத் திரும்ப. எந்த அம்புக்குறியிலும் ஒரு ஆளின் முகம் இல்லை. பனியில் நடக்கிற சிப்பாய்கள் என்று பஞ்சைப் பரப்பி, நடுவில் நாலு பொம்மைகளை நிறுத்தியிருந்தார்கள். ஒரு குழந்தை அந்தப் பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தது, அதன் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். அம்மா அந்த இடத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு என் கையைப் பிடித்துத் தாண்டினாள். அவள் விரல் என் மணிக்கட்டில் அழுந்தியது. பனி எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம் என்றிருந்தாள்.

கடைசியில்தான் எங்கள் மாவட்டத்துப் பகுதி. வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள். ஒன்றில் பூட்ஸ், ஒன்றில் மெடல், ஒன்றில் புல்லாங்குழல். நாலாவதாகத் தம்பி. இடுப்புக்கு மேல் மட்டும் உள்ள தலையில்லாத ஒரு பொம்மைக்கு அந்தச் சட்டையை மாட்டியிருந்தார்கள். கீழே ஒரு அட்டையில் அவன் பெயர், பிறந்த வருஷம், இறந்த வருஷம், வீரமரணம் என்று ஒரு வார்த்தை.

அண்ணன் நாங்கள் வருவதற்கு முன்பே அங்கே போய் நின்றுகொண்டான், தெரிந்தவர் நாலு பேரோடு. ஒருத்தர் அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார். அவன் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டான். என் பல் நறநறவென்றது.

அம்மா முதலில் அட்டையைத்தான் பார்த்தாள். கண்ணாடிக்கு மேலாகவே அவன் பெயர் மேல் விரலை வைத்து, எழுத்து எழுத்தாகத் தடவினாள். பிறகு நிமிர்ந்து சட்டையைப் பார்த்தாள். காலரைப் பார்த்தாள், தோளைப் பார்த்தாள். பார்வை இடது பக்கம் வந்து நின்றது.

"ஏட்டி" என்றாள். "இடது கை ஏன் கட்டையா இருக்கு?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். எனக்கு அது தோன்றவே இல்லை, உயரம் நெஞ்சளவு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது பழைய குற்றால அருவியில் பாசியில் வழுக்கி விழுந்து தோள்பட்டை முறிந்தது. கட்டுப் போட்டவர் சரியாகப் போடவில்லை. அன்றிலிருந்து அவனுக்கு இடது தோள் இறக்கம். எந்தச் சட்டை தைத்தாலும் இடது கையை ரெண்டு விரல்கட்டை குறைத்து வெட்ட வேண்டும் என்று டெய்லர் பக்கத்திலேயே நின்று சொல்லுகிறவள் அம்மாதான். பாளையங்கோட்டை டெய்லர் நல்ல தொழில்காரராக இருந்திருக்க வேண்டும். கொடுத்த அளவை ஒரு நூல் பிசகாமல் அப்படியே தைத்துவிட்டார். அந்தத் தலையில்லாத பொம்மையில் என் அண்ணன் இடது தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றான்.

"இது பெரியவன் சட்டைல்லா?" என்றாள் அம்மா.

இல்லை என்று பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கோபப்படுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அம்மாவுக்கு வந்தது பயம். சட்டையைப் பார்த்தாள், கீழே அட்டையில் இறந்த வருஷத்தைப் பார்த்தாள், மறுபடியும் சட்டையைப் பார்த்தாள். பொன்னாடையோடு நின்ற அண்ணனைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"ஏலே, உசுரோட இருக்கவன், செத்தவன் பெட்டிக்குள்ள எதுக்குலே போய் நிக்க? வெளிய வாலே. வெளிய வா."

பக்கத்தில் நின்றவர்கள் விலகினார்கள். துண்டு கட்டிய ஒருத்தன் போனைத் தூக்கி வீடியோ எடுக்க ஆரம்பித்தான். அண்ணன் ஓடி வந்து அம்மாவின் தோளைப் பிடித்து, "அம்மா, மெதுவா, எல்லாரும் பாக்காங்க" என்றான். அம்மா கண்ணாடியைத் தட்ட ஆரம்பித்தாள். காவலாளி வந்தார், அவர் பின்னாலேயே கண்காட்சிப் பொறுப்பாளர் வந்தார். நரைத்த மீசை, இஸ்திரி கலையாத சட்டை, சென்னைப் பேச்சு. "என்ன சார் பிரச்சனை?" என்றார் அண்ணனிடம்.

"ஒண்ணும் இல்ல சார். சின்ன மகனை நினைச்சு அம்மாவுக்குக் கொஞ்சம் மனசு சரியில்ல."

அவ்வளவுதான். காலையிலிருந்து கடித்துக்கொண்டிருந்த பல்லை விட்டேன். "மனசு சரியில்லாதது அம்மாவுக்கு இல்ல, உனக்கு" என்று ஆரம்பித்தேன், நிறுத்தவில்லை. ஆற்றில் மூட்டையை விட்டது, திரும்பிப் பார்க்கப் பயந்து ஓடி வந்தது, பீரோவில் இருக்கிறது என்று இத்தனை வருஷம் அம்மாவை ஏமாற்றியது, பாளையங்கோட்டையில் பனியனோடு உட்கார்ந்திருந்தது, சோடா போட்டு வெளுத்தது, பஸ் நிறுத்தத்தில் கைகூப்பி நிற்பது, எல்லாவற்றையும் அந்தக் கூட்டத்துக்கு நடுவில் வைத்துக் கொட்டினேன். என் வீட்டுக்காரர் மகளை இழுத்துக்கொண்டு பீரங்கிப் பக்கம் போய்விட்டார். பொன்னாடை போர்த்தியவர்களும் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை.

நான் முடித்த பிறகு அண்ணன் என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"திரும்பிப் பாத்தா வந்துருவான்னு சொன்னாங்கள்லா? வரட்டும்னு திரும்பிப் பாத்திருக்கணும் நான். பயந்துட்டேன்ட்டி. என் தம்பிக்குப் போய் பயந்துட்டேன்."

அழுதான். பொன்னாடையால் கண்ணைத் துடைத்தான். எனக்கு இரக்கம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் வந்த இரக்கம் என் கோபத்தைக் கொஞ்சமும் குறைக்கவில்லை, அதுதான் நிஜம். ரெண்டும் ஒன்றாகவே இருந்தன.

பொறுப்பாளர் நல்ல மனுஷர்தான், அதையும் சொல்ல வேண்டும். ஒருத்தரையும் திட்டவில்லை. இந்த மாதிரி நிறையப் பார்த்திருப்பார் போல. "இதுல ஒண்ணும் இல்லம்மா. மாதிரிச் சீருடைன்னு அட்டையில சின்னதா ஒரு வரி சேர்த்துட்டா முடிஞ்சது. பார்க்கிறவங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியப்போறதில்ல" என்றார்.

பார்க்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அதைக் கேட்டதும் அண்ணன் முகத்தில் ஒரு நிம்மதி ஓடியது. எனக்கு அந்தப் பெட்டியையே உடைக்க வேண்டும் போலிருந்தது. தம்பியின் நீளக் கையும் அகன்ற நெஞ்சும் யாருக்கும் தெரியப்போவதில்லை. யார் உடம்பை நிறுத்தினாலும் அவர்களுக்குப் போதும்.

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். சாரலில் மிதித்து வந்த சேறும் எண்ணெயும் கிடந்த அந்தத் தரையில், மாம்பழ மஞ்சள் சேலையோடு, பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"மாதிரியோ என்னவோ, எனக்குத் தெரியாது ஐயா. அது என் பெரிய மவன் உடம்பு. அவன் உசுரோட இருக்கான். அவனைச் செத்தவன்னு எழுதி டெல்லிக்குக் கொண்டுபோக நான் விடமாட்டேன். ஒருத்தனைக் குடுத்துட்டேன்லா?"

பொறுப்பாளர் யாருக்கோ போன் செய்தார். மேலே கேட்க வேண்டும், பட்டியலில் ஏறிவிட்டது, இப்போது எடுக்க முடியாது என்றெல்லாம் சொன்னார். அம்மா எழுந்திருக்கவில்லை. கூட்டம் அவளைச் சுற்றிக்கொண்டு போயிற்று. ஒரு பெண், "என்னாச்சுக்கா, மயக்கமா?" என்று என்னிடம் கேட்டாள். ஸ்பீக்கரில் துப்பாக்கி சுட்டுக்கொண்டே இருந்தது. அண்ணன் அம்மாவுக்குப் பக்கத்தில் போய், கொஞ்சம் தள்ளி, அவனும் தரையில் உட்கார்ந்தான். அம்மா அவனைப் பார்க்கவில்லை. ஆனால் கையை நீட்டி அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள், எழுந்து ஓடிவிடுவான் என்பதுபோல.

அதைப் பார்த்ததும் எனக்கு அம்மா மேலேயே கோபம் வந்தது. இவ்வளவு நடந்திருக்கிறது, சின்னவன் சட்டை எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே இவள். ஆற்றில் போனதைப் பற்றி ஒரு சொல் இல்லை. தம்பிக்காகக் கோபப்பட இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் மிச்சமா என்று இருந்தது.

கடைசியில் பொறுப்பாளர் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுச் சாவியை எடுத்தார். கண்ணாடியைத் திறந்தார். அம்மா என் கையைப் பிடித்து எழுந்து, பட்டனை ஒவ்வொன்றாகத் தானே கழற்றினாள். சட்டையை உருவி, நாலாக மடித்து, சேலை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். பொம்மை மட்டும் நின்றது. அதன் கீழே தம்பி பெயர்.

பொறுப்பாளருக்கு அந்த வெறும் பெட்டி உறுத்தியிருக்கும். அவர் தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. இதமாகத்தான் கேட்டார்.

"அம்மா, பெட்டி காலியா இருக்க வேண்டாமே. உங்க சின்ன மகனோடது வேற ஏதாவது இருக்கா? அவர் தொட்டது, பழகினது, எதுவா இருந்தாலும் சரி. தாங்க, வச்சுடறேன்."

அம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அன்றைக்கு முதல் தடவையாக அவள் குரலில் சூடு ஏறியது. அது அண்ணனைப் பார்த்து ஏறவில்லை, என்னைப் பார்த்தும் இல்லை.

"அவன்ட்ட இருந்ததைப் பூரா நீங்க அப்பமே வாங்கிட்டீங்களே, ஐயா" என்றாள். "இனும நான் எங்கன போய்த் தேட?"

அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நாங்கள் மூன்று பேரும் வெளியே வந்துவிட்டோம்.